பதிவேட்டில் பதிக்கு ஒரு வரி: சமூக வன உரிமைக்கும் ஜமாபந்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காடு, மரம், பழங்குடியினர் நிலம் குறித்து உங்கள் நாளிதழில் அரசு அறிவிப்பு எது வந்தாலும், அதைக் கத்தரித்து ஒரு நீள நோட்டில் ஒட்டி வைப்பது என் வழக்கம். இடப்பக்கம் அறிவிப்பு. அது என்ன ஆயிற்று என்று பின்னால் எழுதுவதற்காக வலப்பக்கத்தை விட்டு வைப்பேன். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. வலப்பக்கங்களில் பெரும்பாலானவை இன்னும் வெள்ளைத் தாளாகவே கிடக்கின்றன. அந்த வெள்ளைத் தாள்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்: ஆண்டுதோறும் கிராமக் கணக்கை மக்கள் முன் சரி பார்க்கும் ஜமாபந்தி, ஊர்கள் தங்கள் காட்டைத் தாங்களே நிர்வகிக்கும் சமூக வன உரிமைக்கும் வேண்டும்.

நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் பணியில் சேர்ந்து, செயற்கைக்கோள் கருவி வந்த பிறகு ஓய்வு பெற்றேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் இருளர் பதிகளுக்கு, அதாவது அந்தப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு, எல்லை வரைபடம் போட்டுக் கொடுப்பதில்தான் கடந்த சில ஆண்டுகளாக என் பொழுது போகிறது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த இலக்கிலிருந்தே தொடங்குகிறேன். 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டபோது, மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து பத்து ஆண்டுகளில் 33 சதவீதமாக உயர்த்துவோம் என்று அறிவித்தார்கள். நல்ல எண்ணம்தான். 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையே நாட்டில் மூன்றில் ஒரு பங்கு நிலம் மரங்களின் கீழ் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அளந்து பழகியவனுக்குச் சதவீதத்தைப் படித்தவுடன் கை தானாகக் கணக்குப் போடும். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர். 9.3 சதவீதம் கூட வேண்டும் என்றால் ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர், அதாவது 12 லட்சம் ஹெக்டேர் புதிதாகப் பச்சையாக வேண்டும். அரசு ஆவணங்களில் வனம் என்று பதிவாகியிருக்கும் நிலமோ மொத்தமே 22,877 சதுர கிலோமீட்டர்தான், 17.59 சதவீதம். அதில் ஒரு முழம் விடாமல் மரம் நின்றாலும் 33 வராது. ஆகவே மீதி எல்லாம் வனத்துக்கு வெளியே வர வேண்டும்: பட்டா நிலத்தில், தரிசில், ஏரிக்கரையில், மேய்க்கால் புறம்போக்கில். எந்தக் கிராமத்தில், எந்தப் புல எண்ணில்? அந்த நிலத்தை இன்று யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? நான் ஒட்டி வைத்திருக்கும் செய்திகளில் ஒன்றில்கூட இதற்கு விடை இல்லை.

அளக்கும் முறையையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கணக்கிடுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்து சதவீதம் மர நிழல் விழுந்தால் அது காட்டுப் பரப்பு. நிலம் யாருடையது, நிற்பது என்ன மரம் என்ற கேள்வி அங்கே கிடையாது. தென்னந்தோப்பும் சேரும், மாந்தோப்பும் சேரும். நாட்டளவில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த முறை உதவும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கிராமம் தன் காட்டை நன்றாக வைத்திருக்கிறதா, மேய்ச்சலுக்கு இடம் மிஞ்சியிருக்கிறதா என்பதை அந்தப் படம் காட்டாது.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊருக்குக் கிழக்கே மேய்க்கால் புறம்போக்கு ஒன்று இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அதற்கு எல்லைக்கல் நட்டவர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே குழி தோண்டிக் கன்று நட்டார்கள். கன்றுகளின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதி வைத்தார்கள். ஆடு மேய்க்கும் குடும்பங்களை யாரும் கேட்கவில்லை. கிராம சபையில் ஒரு வரி தீர்மானம்கூட இல்லை. அடுத்த கோடையில் நான் போய் ஒரு மூலையில் நாற்பது குழிகளை எண்ணிப் பார்த்தேன். உயிரோடு இருந்தவை ஏழு. கன்றுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆடுகளை உள்ளே விடாமல் தடுத்த கம்பி வேலி மட்டும் உறுதியாக நின்றது. பலகையில் எண் அப்படியே இருக்கிறது. மாவட்டக் கணக்கிலும் அந்த எண்தான் ஏறியிருக்கும். பட்டுப்போன முப்பத்து மூன்றைக் கழித்து எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இனி மலைக்கு மேலே வருகிறேன். எனக்கு மனம் ஆறாத இடம் அதுதான்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தனிநபர் பட்டாவுக்கான சட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் உயிர் 3(1)(i) பிரிவில் இருக்கிறது. ஓர் ஊர் காலங்காலமாகக் காத்து வந்த காட்டை இனியும் காக்க, வளர்க்க, மேலாண்மை செய்ய அந்த ஊரின் கிராம சபைக்கே உரிமை உண்டு என்கிறது அந்தப் பிரிவு. இதைச் சமூக வன வள உரிமை என்கிறோம். 'சி' படிவத்தில் கேட்க வேண்டும். விறகு, தேன், மேய்ச்சல் போன்றவற்றுக்கான சமூக உரிமை வேறு; அதற்கு 'பி' படிவம். முன்னது காட்டை நிர்வகிக்கும் பொறுப்பு. பின்னது காட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை. இரண்டும் ஒன்றாகாது. ஆனால் ஒன்றிய பழங்குடியினர் நல அமைச்சகம் வெளியிடும் மாதாந்தர முன்னேற்ற அறிக்கையைப் பாருங்கள். தனிநபர், சமூகம் என்று இரண்டே பிரிவுகளில்தான் நீண்ட காலமாகக் கணக்கு வருகிறது. கோயிலுக்குப் போகும் பாதைக்குக் கிடைத்த உரிமையும் ஆயிரம் ஏக்கர் காட்டை நிர்வகிக்கும் உரிமையும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. புன்செய்யையும் நன்செய்யையும் ஒரே தலைப்பில் எழுதிய கணக்கை நான் மேலதிகாரியிடம் கொண்டு போயிருந்தால், அன்றே திருப்பி எறிந்திருப்பார்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை உரிமை ஆவணம் கொடுத்தோம் என்று அறிக்கை சொல்லும். எத்தனை ஊர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லாது. மொத்தம் தெரியாமல் மீதி எப்படித் தெரியும்?

மொத்தம் எவ்வளவு என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது என்பதுதான் என் வாதம். 2012-இல் திருத்தப்பட்ட விதிகளில் 12பி என்று ஒன்று உண்டு. வனம் சார்ந்து வாழ்வோர் இருக்கும் எல்லா ஊர்களிலும் சமூக வன வள உரிமை அங்கீகரிக்கப்படுவதை மாவட்ட அளவிலான குழு உறுதி செய்ய வேண்டும் என்கிறது அது. ஓர் ஊருக்கு அந்த உரிமை அங்கீகரிக்கப்படவில்லை என்றால், ஏன் இல்லை என்ற காரணத்தைக் குழுவின் செயலாளர் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. இதைவிடத் தெளிவான இலக்கு எது? எல்லா ஊர்களும், விடுபட்டால் எழுத்தில் காரணம். அந்தக் காரணப் பதிவேட்டின் நகலைக் கேட்டு, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். அலுவலகத்தின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. அங்கே இருப்பவர்களும் வேலைச் சுமையில் தவிப்பவர்கள்தான். பதில் வந்தது. கோரிய தகவல் தொகுத்து வைக்கப்படவில்லை என்று ஒரு வரி.

எங்கள் மேல் பதி ஒன்றின் மனு 2018-இல் போனது. அந்த வரைபடத்துக்காக நடந்த இரண்டரை நாளை நான் மறக்க மாட்டேன். பதியின் தலைவரான மூப்பன் வந்தார். வன உரிமைக் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். எழுபதைக் கடந்த ஒரு பாட்டியும், வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் கூடவே நடந்தார். ஜிபிஎஸ் கருவி என் கையில் இருந்தது. வழி அவர் காலில் இருந்தது. இந்தப் பாறையில் தொங்கும் தேன் எங்கள் பதிக்கு, அந்த முகட்டுக்கு அப்பால் அடுத்த பதிக்கு என்று கையை நீட்டிக் காட்டினார். கல்பாசி எடுக்கும் மரங்கள், சீமார்ப்புல் அறுக்கும் சரிவு, கடுக்காய் பொறுக்கும் மேடு என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. அவற்றில் ஒன்றுகூட என் பழைய கிராம வரைபடத்தில் இல்லை.

ஓர் ஓடையருகே அடுத்த பதிக்காரர்கள் காத்திருந்தார்கள். ஓடை எல்லையானால் நீரோட்டத்தின் நடுவே கோடு போடுவது எங்கள் துறையின் பழக்கம். அப்படியே போடப் போனேன். இரு தரப்பும் ஒரே குரலில் தடுத்தார்கள். தண்ணீரில் கோடு கிடையாது. மீன் பிடிப்பதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் இருவருக்கும் பொது. அந்த ஓடையை இரண்டு வரைபடங்களிலும் பொது என்றே குறித்தேன். எல்லை குறித்துத் தகராறு வந்தால் இரு ஊர்க் குழுக்களும் கூடிப் பேசித் தீர்க்க வேண்டும் என்றுதான் விதியும் சொல்கிறது. அவர்கள் விதியைப் படித்தவர்கள் அல்ல. அரை மணி நேரத்தில் பேசி முடித்தார்கள்.

நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்று நகரங்களில் வண்ண வரைபடம் போடுகிறார்களே, அதை அந்தப் பதியில் அங்கன்வாடி முற்றத்தில் கோலமாவால் போட்டார்கள். வீடுகள், சாமை விதைக்கும் காடு, மேய்ச்சல், சுடுகாடு, தேன் பாறை, யானை வழி. பெண்கள் போட்டதைப் பார்த்து நான் தாளில் எழுதினேன். யானை வழியை மட்டும் நான் முந்திக்கொண்டு மாவால் இழுத்துவிட்டேன். ஓர் இளம்பெண் குனிந்து அதைக் கையால் அழித்து, இரண்டடி தள்ளிப் போட்டாள். அந்த மேட்டில் யானை ஏறாது ஐயா, பள்ளத்தைச் சுற்றித்தான் வரும் என்றாள். மறுநாள் போய்ப் பார்த்தேன். பள்ளத்தைச் சுற்றித்தான் சாணம் கிடந்தது.

காட்டை மூடிப் பரவும் உண்ணிச்செடியை எந்த ஆண்டு எந்தச் சரிவில் அகற்றுவது, தீ பரவாமலிருக்க எங்கே கோடு வெட்டுவது, நெல்லிக்காய்க்குக் கிளையை ஒடிக்காமல் எப்படிப் பறிப்பது என்று மேலாண்மைத் திட்டத்தையும் அன்றே எழுதி வைத்தார்கள். அது எட்டுப் பக்கம்.

மனு மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை, வரைபடத்தில் புல எண்கள் இல்லை என்றார்கள். காப்புக்காட்டுக்குள் வருவாய்த் துறையின் உட்பிரிவு எண்கள் எங்கிருந்து வரும்? அந்த வேலையையே வாழ்நாளெல்லாம் செய்தவன் நான். விளக்கி எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் முறை, கூட்டுத் தணிக்கைக்கு அதிகாரிகளின் கையொப்பம் இல்லை என்றார்கள். தகவல் கொடுத்தால் வனத்துறையும் வருவாய்த் துறையும் வந்திருந்து கையொப்பமிட வேண்டும் என்பது விதி. தேதி குறித்து இருமுறை கடிதம் கொடுத்த ரசீது எங்களிடம் இருக்கிறது. வராதவர்களின் குறை மனுதாரர் தலையில் ஏறியது. மூன்றாம் முறை, தீர்மானம் ஊராட்சியின் கிராம சபையில் போடப்படவில்லை என்றார்கள். பதி அளவில் சபை கூடலாம் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எட்டுக் கிலோமீட்டர் கீழே, பல குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சிக் கூட்டத்தில் அந்தப் பதியின் காட்டைப் பற்றிப் பேச எவருக்கு நேரம் இருக்கும்?

தாமதத்துக்கு நீதிமன்றம் காரணம் என்று முன்பு சொல்ல முடிந்தது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமை ஆவணம் கொடுப்பது நின்றது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை விலகியது. அதற்குப் பின்னும் ஆண்டுகள் ஓடிவிட்டன. இதற்கிடையில் மலையின் அந்தப் பக்கம் கர்நாடகத்தில், பிலிகிரிரங்கன மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளகர் பழங்குடியினரின் கிராம சபைகள் 2011-இல் சமூக உரிமை பெற்றன. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மேந்தா லேகா கிராமம் 2009-லேயே சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை பெற்று, தன் மூங்கிலைத் தானே விற்கத் தொடங்கியது. நம் மலையில் மட்டும் ஏன் முடியாது என்று மூப்பன் என்னைக் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூட்டு வன மேலாண்மை என்ற பெயரில் 1990 முதல் நடந்ததையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 1997-இல் ஜப்பான் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் வந்து, ஊருக்கு ஊர் கிராம வனக் குழு அமைந்தது. அன்று நல்ல வேலைகளும் நடந்தன. தடுப்பணை ஒன்றில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் நிதி நின்ற ஆண்டே குழு கூடுவதும் நின்றது. குழு அமைத்தோம் என்று கணக்கு எழுதினார்கள். ஐந்தாண்டு கழித்தும் அது கூடுகிறதா என்று கேட்டு யாரும் வரவில்லை. சமூக வன உரிமைக்கும் அதே கதி வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் பயம்.

நான் கேட்பது புதிதல்ல; வருவாய்த் துறையில் நூற்றாண்டுக்கு மேலாக இருக்கும் ஏற்பாடுதான். ஒவ்வொரு கிராமத்துக்கும் 'அ' பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு புல எண்ணுக்கும் அதில் ஒரு வரி. நன்செய்யா, புன்செய்யா, புறம்போக்கா, பரப்பு எவ்வளவு, யார் பெயரில் என்று இருக்கும். ஒரு சென்ட் நிலமும் அந்தப் பதிவேட்டில் தனக்கென ஒரு வரி இல்லாமல் இருக்க முடியாது. அதுபோலச் சமூக வன வள உரிமைக்கு மாவட்டந்தோறும் ஒரு பதிவேடு திறக்கட்டும். பதிக்கு ஒரு வரி. ஊரின் பெயர், மனு கொடுத்த தேதி, கூட்டுத் தணிக்கை நடந்த தேதி, எத்தனை ஹெக்டேர் கேட்டார்கள், எத்தனை கிடைத்தது, மேலாண்மைத் திட்டம் இருக்கிறதா, இல்லையென்றால் 12பி விதிப்படி எழுதப்பட்ட காரணம். மனுவே கொடுக்காத ஊருக்கும் ஒரு வரி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அப்போதுதான் மொத்தமும் மீதியும் தெரியும்.

பதிவேடு இருந்தால் போதாது, தணிக்கை வேண்டும். ஆண்டுதோறும் பசலி என்னும் வருவாய்க் கணக்காண்டு முடியும் நேரத்தில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகளை மேசைமேல் விரித்து வைத்து, மக்கள் முன்னிலையில் அதிகாரி சரி பார்க்கிறார், மனு வாங்குகிறார். அந்த நாட்களில் ஒரு நாளை வன உரிமைக் கணக்குக்கு ஒதுக்க வேண்டும். வனத்துறையும் பழங்குடியினர் நலத் துறையும் அதே மேசையில் உட்காரட்டும். ஒவ்வொரு பதியின் வரியையும் உரக்கப் படிக்கட்டும். சென்ற ஆண்டு என்ன இருந்தது, இந்த ஆண்டு என்ன மாறியது என்று மூப்பன் எழுந்து கேட்கட்டும். பசுமை இயக்கத்தின் நடவுக் கணக்கையும் அங்கேயே வைக்கலாம்: எந்தப் புல எண், கிராம சபை ஒப்புக்கொண்ட தேதி, மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்பவை எத்தனை.

2030-க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாக உறிஞ்சும் அளவுக்குக் காடு வளர்ப்போம் என்று இந்தியா உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றப் போவது இந்தப் பதிகளின் சரிவுகளும்தான். அவற்றில் உண்ணிச்செடியை வெட்டுவதற்குக்கூட, எட்டுப் பக்கத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதிக்காக ஓர் ஊர் காத்திருக்கிறது.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவிப்பு வரும் நாளில் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அதே அறிவிப்பின் ஆண்டு நிறைவு நாளில், உள்பக்கத்திலாவது, நான்கு வரியில் என்ன ஆயிற்று என்று போடுங்கள். நான் தேதிகளை எழுதி வைத்திருக்கிறேன். மூன்று நோட்டுகளையும் உங்கள் நிருபரிடம் கொடுக்கிறேன். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தால் போதும். ஜனவரி 26 கிராம சபைக்கு நான்காவது முறையாக அந்த மனுவைக் கொண்டு போகிறோம். நிருபர் வருவதானால் முந்தைய நாளே வந்து என் வீட்டில் தங்கலாம். மேலே போகும் பஸ் காலை ஆறரைக்கு. அதை விட்டால் மதியம் வரை வேறு பஸ் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவர்,
மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம்

(மனு நிலுவையில் இருப்பதால் என் பெயரையும் பதியின் பெயரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். முகவரி தனித்தாளில் இணைத்துள்ளேன்.)